பட்டினி மாளிகை

பட்டினி கிடந்தால் எந்த நோயும் பறந்துவிடும் என்று சொல்லி, பணக்காரர்களை மயக்கினாள் ஒரு பெண். அவள் பெயர் லிண்டா ஹசார்டு.

1867-ம் ஆண்டு அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தாள். மருத்துவப் பட்டம் எதுவும் வாங்கியவள் அல்ல. ஆனாலும் வாஷிங்டன் மாநிலச் சட்டத்தில் இருந்த ஒரு சலுகையால், வைத்தியம் செய்ய அவளுக்கு லைசென்சு கிடைத்துவிட்டது! 1908-ம் ஆண்டு உண்ணாவிரத சிகிச்சை பற்றிப் புத்தகமும் எழுதினாள்.

சிகிச்சையில் சிலர் இறந்தார்கள். சியாட்டில் நகர அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளிடம் லைசென்சு இருந்தது. வந்தவர்களோ தாங்களாகவே விரும்பி வந்தவர்கள்.

இரு சகோதரிகள்

கிளேர், டோரா என்ற இரு சகோதரிகள் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள். பெற்றோர் இல்லை. சொத்து ஏராளம். உடம்பில் பெரிய நோய் ஒன்றும் கிடையாது. நோய் இருப்பதாக நினைப்புத்தான் பெரிது.

விளம்பரத்தைப் பார்த்து லிண்டாவைத் தேடி 1911-ம் ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் போனார்கள். திட்டுவார்கள் என்று பயந்து, உறவினர்களிடம் சொல்லவில்லை.

தினம் இரண்டு வேளை தக்காளி ரசம், ஒரு கோப்பை. அவ்வளவுதான் சாப்பாடு! மணிக்கணக்கில் எனிமா வேறு. வலித்தால், உடம்பில் உள்ள விஷம் வெளியேறுகிறது என்று விளக்கம். மயங்கினால், குணமாகும் அறிகுறி.

பசியில் புத்தி தடுமாறிய வேளையில், பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி, நகைகளையும் சொத்துப் பத்திரங்களையும் லிண்டா வாங்கிக்கொண்டாள். ஏப்ரலில் இருவரையும் ஓலாலா என்ற காட்டுப்புறக் கிராமத்தில் இருந்த தன் விடுதிக்குக் கொண்டுபோனாள். ஊரார் அதற்கு வைத்த பெயர், பட்டினி மேடு.

தாதி வந்தாள்

சகோதரிகளைச் சிறுவயதில் வளர்த்த தாதி மார்கரெட். ஆஸ்திரேலியாவில் இருந்த அவளுக்கு ஒரு தந்தி வந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. ஏதோ விபரீதம் என்று கப்பல் ஏறினாள். வந்து இறங்கியதும் கிடைத்த செய்தி, கிளேர் இறந்துவிட்டாள்!

டோரா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். எடை சுமார் 50 ராத்தல், அதாவது 23 கிலோ. இறந்துபோன கிளேரின் உடைகளை லிண்டா உடுத்தி உலவினாள்.

இத்தனைக்குப் பிறகும் டோரா அங்கிருந்து வர மறுத்தாள். சிகிச்சையை விட்டால்தான் ஆபத்து என்ற அளவுக்கு அவள் மனம் மாற்றப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, டோராவுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகியிருந்தாள் லிண்டா. உறவினர் ஒருவர் வந்து, ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்துத்தான் அவளை மீட்க முடிந்தது.

கோர்ட்டில்

இங்கிலாந்து துணைத்தூதர் விடவில்லை. ஆகஸ்டு மாதம் லிண்டா கைதானாள். வழக்கு நடத்த மாவட்டத்தில் பணம் இல்லை என்றார்கள். செலவை ஏற்றவள் யார் தெரியுமா? உயிர் தப்பிய டோராவேதான்!

1912-ம் ஆண்டு, மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2 முதல் 20 ஆண்டுவரை கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் சுமார் 2 ஆண்டுகளே ஜெயிலில் இருந்தாள். 1916-ல் கவர்னர் மன்னிப்பும் வழங்கினார்.

நியூசிலாந்து போனாள். 1920-ல் ஓலாலா திரும்பி, இன்னும் பெரிய விடுதி கட்டினாள். லைசென்சு பறிபோயிருந்ததால், இம்முறை அதற்கு ஆரோக்கியப் பள்ளி என்று பெயர். அப்போதும் ஆட்கள் வந்தார்கள்.

1935-ல் விடுதி தீக்கு இரையானது. 1938-ல் லிண்டா நோய்வாய்ப்பட்டாள். தன் வைத்தியத்தையே தனக்கும் செய்துகொண்டாள். பட்டினி கிடந்தாள். எழுந்திருக்கவில்லை. அப்போது வயது 70.