மாலைக் கொண்டுவந்தவரே மாலைத் திட்டினார்! யார் இந்த விக்டர் க்ரூன்?

ஏசி ஷாப்பிங் மால் நமக்கெல்லாம் தெரியும். ஆனா அதை வடிவமைச்ச மனுஷன் உண்மையில் ஆசைப்பட்டது கார் இல்லாத நகரத்துக்கு!

1903-ல் வியன்னாவில் பிறந்த யூதர் விக்டர் க்ரூன். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குத் தப்பினார். 1956-ல் மினியாபோலிஸ் அருகே அவரது சவுத்டேல் மால் திறந்தது. நடுவில் வியன்னா சதுக்கம் போல ஒரு முற்றம். ஜனங்க கூடிப் பேசணும் என்பது கனவு. சுற்றிலும் இருந்ததோ பார்க்கிங் மைதானம்தான்.

அதே ஆண்டு டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகருக்கு ஒரு திட்டம் தந்தார். நகர மையத்தைச் சுற்றி ரிங் ரோடு. அதையொட்டி 6 பிரம்மாண்ட பார்க்கிங் கட்டடங்கள், மொத்தம் 60,000 கார்களுக்கு இடம். சரக்கு லாரிகள் சுரங்கத்தில் போகும். மேலே முழுக்க நடைபாதையும் சதுக்கங்களும். காரை நிறுத்திட்டு சில நிமிஷம் நடந்தா கடை வந்துடும்.

கேட்கவே நல்லா இருக்குல்ல? ஆனால் தனியார் பார்க்கிங் முதலாளிகள் எதிர்த்தார்கள். திட்டம் காகிதத்திலேயே நின்றுபோனது.

கலமாசூ நகரம் 1959-ல் அவர் யோசனைப்படி கடைவீதியில் காரைத் தடுத்தது. ரிங் ரோடு மட்டும் போடவில்லை. பாதி மருந்துதான்! மற்ற ஊர்களும் அந்தப் பாதியையே காப்பியடித்தன.

1968-ல் வியன்னா திரும்பினார். அங்கே புறநகரிலும் ஒரு பெரிய மால் முளைத்தது. தன் யோசனையைக் கெடுத்துட்டாங்க என்று கொதித்தார். ஆனால் நகர மையத்தின் கார்ன்ட்னர் வீதி 1974-ல் நடப்பவர்களுக்கே என்றானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 1980-ல் கண்ணை மூடினார்.