நகரங்களின் நாடி பார்த்த நல்லறிஞர்

நோயாளியின் நாடியைப் பார்த்த பின்னரே நல்ல மருத்துவன் மருந்து கொடுப்பான். நகரமும் உயிருள்ள ஓர் உடலே. அதன் நாடியறியாது அதில் கை வைத்தலாகாது என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் பேரறிஞர்.

ஸ்காத்லாந்து நாட்டில் பாலட்டர் என்னும் ஊரில் 1854-ஆம் ஆண்டு பிறந்த கெடிஸ், லண்டன் மாநகரில் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றார். ஆராய்ச்சியின் பொருட்டு 1879-இல் மெக்ஸிகோ சென்றவிடத்து அவரது கண்ணொளி மங்கிற்று. இருட்டறையில் பல வாரங்கள் கிடந்தார். பார்வை மீண்டதெனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்கும் வலிமை மீளவில்லை. செடி கொடிகளை ஆராய்ந்த அறிவு, மனிதர் வாழும் ஊர்களின்பால் திரும்பியது. மணம் புரிந்தபின், மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் நெரிசல் மிக்க பழைய பகுதியிலேயே குடியேறி, அண்டை அயலாருடன் கூடி வீடுகளைச் செப்பனிட்டார்.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1914-இல் அவர் இந்தியா வந்தார். அவரது நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலில் வந்தன. அவ்வாண்டு சென்னையைக் குண்டுகளால் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலே அதனையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலுக்கு இரையாயிற்று. கெடிஸ் தளரவில்லை, நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பியவற்றைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

பின்னர் ஊர் ஊராக நடந்தே பார்த்தார். நம் கோயில் நகரங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. மதுரையில் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து நிற்கின்றன. தேரும் திருவிழாவும் அவ்வீதிகளுக்கு அளவு வகுத்தன. பின்னுள்ள குறுகிய சந்துகளோ வெயிலுக்கு நிழல் தருவன. வெள்ளையர் அமைத்த கண்டோன்மெண்டுகள் வேறு வகை. படை அணிவகுத்துச் செல்வதற்கும், நகர மக்களிடமிருந்து விலகி வாழ்வதற்கும் ஏற்ப அங்கே நேர்சாலைகளும் அகன்ற தோட்ட வீடுகளும் எழுந்தன. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் தவறு என்பதே கெடிஸ் கண்ட உண்மை.

ஆனால் அந்நாளைய நகராட்சிகள், நெரிசலைப் போக்குவதாக எண்ணிப் பழைய தெருக்களை ஊடறுத்து நேர்சாலை போட முனைந்தன. இடிக்கப்பட்ட வீடுகளின் ஏழைகள் எங்கே போவார்கள்? மிஞ்சிய வீடுகளில் நெரிசல் மேலும் பெருகுமன்றோ? தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் கூறிய வழி எளியது: பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றுக, கிடைக்கும் இடத்தைச் சிறு முற்றமாக்கி மரம் நடுக. செலவும் குறைவு, குடி பெயர்வோரும் சிலரே.

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பேரிடியாக வந்தது. மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். நோயுற்றுக் கிடந்த மனைவியிடம் அச்செய்தியை மறைத்தார். சில வாரங்களில் அவ்வம்மையாரும் இந்திய மண்ணிலேயே மறைந்தார். துயரைச் சுமந்தவாறே பணி தொடர்ந்தார். பிளேக் நோய் வருத்திய இந்தூரில், துப்புரவான தெருக்கள் வழியாகவே தீபாவளி ஊர்வலம் செல்லும் என அறிவித்தார். மக்கள் தாமே தெருக்களைத் தூய்மை செய்தனர்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியற் பேராசிரியராக விளங்கிய அவர், 1932-இல் பிரான்சு நாட்டில் காலமானார்.

பிறந்த ஊரை விட்டுப் பிற நகரங்களின் காலனிகளில் வாழும் நாம், இங்குள்ள பழைய சந்துகளைக் கண்டு முகஞ்சுளிக்குமுன் அவை யாருக்காக, எதற்காக அமைந்தன எனக் கேட்டறிதல் வேண்டும். அதுவே அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறு.