3 நிமிடச் சண்டையில் மூச்சு வாங்கியது! புரூஸ் லீ உடம்பைச் செதுக்கிய கதை

சினிமாவில் புரூஸ் லீ சட்டையைக் கழற்றினால் போதும், தியேட்டரில் விசில் பறந்தது. முதுகு படம் எடுத்த பாம்பு மாதிரி விரியும். வயிறு பாளம் பாளமாகத் தெரியும். பிறவியிலேயே அப்படி என்று பலர் நினைத்தார்கள். அது தப்பு. 24 வயது வரை அவர் ஒல்லியான ஆசாமிதான். அதை மாற்றியது ஒரு சண்டை.

புரூஸ் லீ 1940-ம் ஆண்டு நவம்பர் 27-ந்தேதி அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா சீன நாடக நடிகர். வளர்ந்தது ஹாங்காங்கில். சின்ன வயதிலேயே சினிமாவில் நடித்தார். இப் மேன் என்ற வாத்தியாரிடம் "விங் சுன்" என்ற குங்பூ வகையைக் கற்றார். தெருச்சண்டையும் உண்டு, டான்சும் உண்டு. 1958-ல் ஹாங்காங்கின் "சா சா" நடனப் போட்டியில் முதல் பரிசு இவருக்குத்தான்.

1959-ல் 100 டாலருடன் அமெரிக்கா திரும்பினார். சியாட்டில் நகரில் ஓட்டலில் சர்வர் வேலை. பிறகு காலேஜ் படிப்பு. கூடவே குங்பூ சொல்லிக் கொடுத்தார். 1964-ல் லிண்டா என்ற பெண்ணை மணந்து, ஓக்லண்டு நகருக்குக் குடிபோய் பயிற்சிப் பள்ளி நடத்தினார்.

சவால் வந்தது

அந்த ஆண்டின் கடைசியில் வாங் ஜாக் மேன் என்ற குங்பூ வீரருடன் மோதல். பூட்டிய அறைக்குள் நடந்தது. கர்ப்பிணியான லிண்டா அங்கேயே இருந்தார்.

ஜெயித்தது யார் என்பதில் தகராறு இன்னும் தீரவில்லை. எதிராளி ஓடினார், புரூஸ் லீ துரத்திப் பிடித்துக் கீழே தள்ளினார், 3 நிமிடத்தில் முடிந்தது என்பது லீ தரப்பு. எதிர்த்தரப்பு வேறு கணக்குச் சொன்னது. ஆனால் ஒன்று நிச்சயம். சண்டை முடிந்ததும் புரூஸ் லீக்கு மூச்சு வாங்கியது. கை சோர்ந்துவிட்டது. ஜெயித்தோம் என்ற சந்தோஷமே அவருக்கு இல்லை. ஓடிப்போய் பஸ்சைப் பிடித்து, பேச முடியாமல் நிற்கிறவர்களுக்கு இது புரியும்.

வித்தை கையில் இருக்கிறது, தம் இல்லை. இதுதான் அவர் கண்ட குறை.

ஓட்டம், ஸ்கிப்பிங், பளு

குங்பூ வாத்தியார்கள் அதுவரை பெரிதாக நினைக்காத வேலைகளை அவர் பிடித்துக்கொண்டார். மைல் கணக்கில் ஓடினார். ஒரே சீராக அல்ல. கொஞ்ச தூரம் வேகம், கொஞ்ச தூரம் மெதுவு. சண்டையும் அப்படித்தானே நடக்கிறது! ஸ்கிப்பிங் ஆடினார். நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளை மிதித்தார். உடம்பு வளைய தினமும் பயிற்சி. வயிற்றுக்குத் தனிப் பயிற்சி.

பளு தூக்கவும் ஆரம்பித்தார். நண்பர் ஜேம்ஸ் யிம் லீ அதில் பழக்கமுள்ளவர். 1965-ல் ஹாங்காங் போயிருந்தபோது புரூஸ் லீ செய்த பயிற்சியின் அட்டை இன்றும் பேசப்படுகிறது. தோளில் சுமார் 43 கிலோ வைத்து 10 தடவை உட்கார்ந்து எழுவது, அப்படி 3 சுற்று. பெரிய பயில்வான்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மலை மாதிரி ஆவது அவர் ஆசை இல்லை. சதை கூடி வேகம் குறைந்தால் என்ன லாபம்? உயரம் 5 அடி 7 அங்குலம். எடை 60 கிலோவை ஒட்டியே நின்றது. குத்துக்கும் பிடிக்கும் முன்கை பலம் வேண்டும் என்று அதற்கு மட்டும் விதவிதமான பயிற்சி. புத்தகம் படிக்கும்போதும் ஒரு கையில் டம்பெல்!

முதுகு போனது

1970 ஆகஸ்டு. ஒருநாள் உடம்பைச் சூடுபடுத்தாமலே கம்பியைத் தோளில் வைத்தார். சுமார் 57 கிலோ, கிட்டத்தட்ட அவர் எடை. இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர்ந்தார். அடிமுதுகில் நரம்பு பாதித்தது. வலி நாளுக்கு நாள் ஏறியது.

டாக்டர்கள் கையை விரித்தார்கள். இனி காலைத் தூக்கி உதைக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 29. இரண்டு குழந்தைகள். கையில் காசு இல்லை. லிண்டா சாயங்கால ஷிப்ட் வேலைக்குப் போனார். மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த புரூஸ் லீ, சண்டைக்கலை பற்றி நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். நடந்தார். உதைத்தார். வலி மட்டும் சாகும்வரை விடவில்லை.

1971-ல் "தி பிக் பாஸ்" படம். ஹாங்காங்கே அதிர்ந்தது. 1972-ல் அவரே எழுதி டைரக்ட் செய்த "வே ஆப் தி டிராகன்" படத்தில், ரோம் நகரப் பழைய அரங்கில் சக் நாரிசுடன் மோதும் காட்சி வருகிறது. அதில் முதல் அடி விழுவதற்கு முன் இருவரும் நிதானமாகக் கை கால்களை முறுக்கி, உடம்பைச் சூடுபடுத்துகிறார்கள். முதுகு உடைந்தவர் எடுத்த படம் அல்லவா!

1973 மே மாதம் டப்பிங் அறையில் மயங்கி விழுந்தார். மூளை வீக்கம். அன்று டாக்டர்கள் காப்பாற்றினார்கள். ஜூலை 20-ந்தேதி ஹாங்காங்கில், தலைவலிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் மூளை வீக்கம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பிறகு வந்த டாக்டர்கள் வெவ்வேறு காரணம் சொன்னார்கள். வயது 32தான்.

"எண்டர் தி டிராகன்" அடுத்த மாதம் ரிலீஸ் ஆகி உலகமெங்கும் ஓடியது. படுக்கையில் எழுதிய குறிப்புகளை 1975-ல் புத்தகமாகப் போட்டார்கள்.