மயிலாப்பூர் கௌரி அம்மாள்

மலர் என்றால் நமக்குப் பாடம் சொன்னவர்களை நினைத்து எழுதுவது வழக்கம். நான் நம் மயிலாப்பூரிலேயே வாழ்ந்த ஓர் ஆசிரியையைப் பற்றி எழுதுகிறேன். பரதநாட்டியம் படிக்கிற எத்தனையோ பிள்ளைகள், பெயர்கூடத் தெரியாமல் இந்த அம்மாவுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

கௌரி அம்மாள் 1892-இல் பிறந்தவர். தாயார் துரைக்கண்ணு கபாலீஸ்வரர் கோயிலில் ஆடியவர். மகளும் அதே கோயிலில் ஆடினார். அன்று அதற்குப் பேர் சதிர். ஒரு பதத்தைத் தாமே பாடிக்கொண்டு, முகத்திலும் கையிலும் அதன் பொருளைக் கொண்டுவருவது அவருடைய தனித் திறமை. சொல்றது சுலபம், செய்து பார்த்தால்தான் தெரியும். மூச்சு பாட்டுக்குப் போகணும், மனசு பாவத்துக்குப் போகணும். ஒரே வரியைப் பத்துத் தடவை பாடினால் பத்துத் தடவையும் வேறு வேறு அர்த்தம் தெரியணும்.

அவர் ஆடிய காலம் சோதனையான காலம். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிக்கொண்டிருந்தார். சிறு பெண்களைக் காப்பாற்ற அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. ஆனால் அதோடு சேர்த்து ஆட்டத்தையே இழிவாகப் பேசியவர்களும் உண்டு. கலையாவது பிழைக்கட்டும் என்று பாடுபட்டவர் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர். அப்படித்தான் 1930-களின் தொடக்கத்தில் சதிர் மியூசிக் அகாடமி மேடை ஏறியது. கௌரி அம்மாளும் அங்கே ஆடினார்.

அவரிடம் வந்த மாணவிகளைப் பாருங்கள். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, குழந்தையாக இருந்தபோது கௌரி அம்மாள் ஆடுவதைப் பார்த்துத்தான் தானும் ஆடணும்னு ஆசைப்பட்டார். பிறகு அவரிடமே அபிநயம் கற்றார். அடையாற்றிலிருந்து வந்தவர் ருக்மிணி தேவி. நாட்டியப் பரம்பரையே இல்லாத பிராமணக் குடும்பம், வயதோ முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்து அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935-இல் பிரம்மஞான சபையில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. அங்கேயும் கௌரி அம்மாள் அபிநயம் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பக்கம் கலாநிதி என்ற சிறுமியும் அவரிடம் பதங்கள் கற்றாள்.

1947-இல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவது நின்றது, நல்லதுதான். ஆனால் அந்தக் கலையைத் தவிர வேறு பிழைப்பு தெரியாதவர்கள் வயதான காலத்தில் எங்கே போவார்கள்? கோயிலைச் சார்ந்திருந்த வீடும் கௌரி அம்மாள் கையை விட்டுப் போனது. கண் பார்வை மங்கியது. வறுமையிலேயே 1971-இல் காலமானார். அவருடைய கலைக்குச் சபாக்களில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. இதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் கற்பித்தது வீண் போகவில்லை. பதினாறு வயதளவில் ஆட்டத்தை நிறுத்திவிட்ட அந்தக் கலாநிதி, ஏறக்குறைய முப்பது வருஷம் குடும்பத்தைக் கவனித்துவிட்டு, 1973-இல் மறுபடி வந்தார். அலர்மேல் வள்ளிக்கு அபிநயம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவர்தான் பின்னாளில் பத்மபூஷண் பெற்ற கலாநிதி நாராயணன். தேடி வந்தவர்களுக்கெல்லாம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும்கூட, பதங்களை ஒளிக்காமல் கொடுத்தார். 2016-இல் அவரும் மறைந்தார்.

தம்பி தங்கைகளே, நாம் எதைக் கற்றாலும் அது ஒருவர் கையிலிருந்து வருகிறது. அந்தக் கைக்கு ஊர் என்ன பேர் வைத்திருந்தது என்று பார்க்க வேண்டாம். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டால் தயங்காமல் பெயரைச் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.