பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977)

ஒருகொடவத்தைப் பாமசிக்கு நாம் எழுதியனுப்பும் துண்டில் கம்பனிப் பெயரின்றி மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். கொழும்பு மருத்துவ பீடத்தில் மருந்தியல் கற்பித்த பிபிலே விட்டுச்சென்ற பழக்கம் அது. ஒரே மருந்து பல பெயரில், பல விலையில் விற்பதை அவர் ஏற்கவில்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி நாட்டுக்கே மொத்தமாக வாங்கினார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் சுமார் 600 ஆயின. கம்பனிகள் எதிர்த்தன, எம் தொழிலிலும் சிலர், சொல்லக் கூச்சந்தான், அவர்கள் பக்கமே நின்றனர். 1976 வரை தலைவராயிருந்தார். மறு ஆண்டு கயானாவில் காலமானார். அவர் வழியிலான ஔடதச் சட்டம் 2015இலேதான் வந்தது. மாத்திரையின் நிறம் மாறிவிட்டதென்று பதறிவரும் தாய்மாருக்கு, மருந்து அதேதான் என்று இன்றும் விளக்கிக்கொண்டிருக்கிறோம்.