கொசுவைக் கணக்கிட்ட மருத்துவர்

கணிதம் ஏட்டோடு நின்றுவிடும் என்றிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவர் ரொனால்டு ராஸ். 1857-இல் அல்மோராவில் பிறந்த அவர், இந்தியாவில் படை மருத்துவராகப் பணிபுரிந்தார். 1897 ஆகஸ்டு 20-இல், செகந்திராபாதில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க இயலுமா என்று பலர் ஐயுற்றனர். ஒழிக்கவே வேண்டியதில்லை என்று 1908-இல் மொரீசியசு பற்றிய அறிக்கையில் ராஸ் கணக்கிட்டுக் காட்டினார். கொசுக்களின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், நோயாளி ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்குக்கூட நோய் பரவாது; மலேரியா தானே தேய்ந்து மறையும்.

ராஸ் 1932-இல் மறைந்தார். முழுதும் முடியாதென்று கைகட்டி நிற்பது தவறு என்பதே அவர் கணக்கில் நான் கற்ற பாடம். நண்பர்களே, விடுதிப் பின்புறம் தேங்கும் மழைநீரை வடிக்க நாளை வருவீர்களா?