ஜாக் தி ரிப்பரைப் பிடிக்க முடியாமல் ராஜினாமா செய்தாரா? ராணுவத்திலிருந்து போலீஸ் கமிஷனரான சார்லஸ் வாரனின் கதை

1888 நவம்பர் 9. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் மேரி கெல்லி என்ற பெண் தன் அறையிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடந்தார். ஜாக் தி ரிப்பரின் கடைசி பலியாகப் பலரும் சொல்வது இவரைத்தான். அந்த நேரத்தில்தான் லண்டன் போலீஸ் கமிஷனர் சர் சார்லஸ் வாரன் பதவி விலகிய செய்தியும் வந்தது. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டாச்சு. கொலைகாரனைப் பிடிக்க முடியாம ஓடிட்டார்னு இன்னிக்கும் நம்புறவங்க உண்டு.

ஆனால் வாரனின் ராஜினாமா கடிதத்தில் இருக்கும் தேதி நவம்பர் 8. அதாவது, அந்தக் கொலைக்கு முந்தைய நாள். அப்புறம் ஏன் விலகினார்?

யார் இந்த வாரன்?

1840-ல் வேல்ஸ் நாட்டின் பேங்கர் ஊரில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. 17 வயதில் ராயல் இன்ஜினீயர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். ஆரம்ப காலத்தில் துப்பாக்கி பிடித்ததைவிட நிலம் அளந்ததுதான் அதிகம்.

1867-ல் ஜெருசலேமுக்கு அனுப்பப்பட்டார். புனித வளாகத்துக்குள் தோண்ட அனுமதி இல்லை. அதனால் வெளியே ஆழமாகக் குழி இறக்கி, அங்கிருந்து சுரங்கம் வெட்டி, மதிலின் அடித்தளத்தை ஆராய்ந்தார். அங்கே அவர் கண்டுபிடித்த பழங்கால நீர்வழிக் குழிக்கு இன்றும் 'வாரன் ஷாஃப்ட்' என்றுதான் பெயர்.

1882-ல் பேராசிரியர் எட்வர்டு பால்மரும் அவருடன் போனவர்களும் சினாய் பாலைவனத்தில் காணாமல் போனார்கள். தேடிப்போன வாரன், அவர்கள் கொல்லப்பட்டதை உறுதி செய்தார். கொலையாளிகளையும் சட்டத்தின் முன் நிறுத்தினார். 1884-85-ல் சுமார் 4,000 வீரர்களுடன் தென்னாப்பிரிக்காவின் பெச்சுவானாலாந்துக்குப் போய், அங்கிருந்த சிக்கலை ரத்தம் சிந்தாமல் முடித்துவிட்டு வந்தார்.

போலீஸ் வேலை எப்படி வந்தது?

1886 பிப்ரவரியில் வேலையில்லாதோர் போராட்டம் லண்டனில் கலவரமாக மாறியது. பணக்காரப் பகுதிகளில் கடைகள் சூறையாடப்பட்டன. கமிஷனர் எட்மண்ட் ஹெண்டர்சன் விலகினார். ஒழுங்கை நிலைநாட்ட ஆள் தேடிய அரசு, வாரனைக் கூப்பிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1829-ல் லண்டன் போலீஸை உருவாக்கியபோது, அது ராணுவம் மாதிரி தெரியக் கூடாது என்பதற்காகவே சிவப்பைத் தவிர்த்து நீலச் சீருடை கொடுத்தார்கள். மக்கள் ஒப்புக்கொண்டால்தான் போலீஸ் வேலை செய்ய முடியும் என்பது அந்தத் துறையின் அடிப்படை.

டிராஃபல்கர் சதுக்கம்: நடந்தது என்ன?

1887 நவம்பரில் டிராஃபல்கர் சதுக்கத்தில் கூட்டம் நடத்த வாரன் தடை போட்டார். நவம்பர் 13, ஞாயிறு. தடையை மீறி ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாக வந்தனர். அவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்குத் தலைவரான அன்னி பெசன்ட்.

சுமார் 2,000 போலீசாரும், சில நூறு ராணுவ வீரர்களும் நிறுத்தப்பட்டிருந்தார்கள். தடியடியில் ஏராளமானோர் காயமடைந்தனர். எம்.பி. கன்னிங்ஹாம் கிரஹாமும் தொழிற்சங்கத் தலைவர் ஜான் பர்ன்ஸும் கைதானார்கள். அந்த நாளுக்கு 'ரத்த ஞாயிறு' என்று பெயர் வந்தது. அரசு வாரனுக்கு இன்னொரு பட்டம் கொடுத்தது. ஆனால் ஏழைகள் வாழும் கிழக்கு லண்டனில் போலீஸ் மேல் இருந்த நம்பிக்கை போயே போச்சு.

அழிக்கப்பட்ட வாசகம்

அடுத்த வருஷமே அதே கிழக்கு லண்டனில் ரிப்பர் கொலைகள் தொடங்கின. செப்டம்பர் 30 அதிகாலையில் இரண்டு பெண்கள் கொல்லப்பட்டனர். ரத்தக்கறை படிந்த துணித்துண்டு ஒன்று கோல்ஸ்டன் தெருவில் கிடைத்தது. அதற்கு மேலே சுவரில் யூதர்களைக் குறிப்பிட்டு சாக்பீஸில் ஏதோ எழுதியிருந்தது.

விடிஞ்சா சந்தைக்கு மக்கள் வந்துடுவாங்க. பார்த்தால் யூதர்கள் மீது தாக்குதல் நடக்கலாம் என்று பயந்தார் வாரன். போட்டோ எடுக்கும் வரைகூடக் காத்திருக்காமல், நேரில் வந்து அதை அழிக்க வைத்தார். ஒரு முக்கிய தடயம் போனதாக இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். ஆனால் எழுதியது கொலைகாரன்தானா என்பதற்கு அன்றும் ஆதாரம் இல்லை, இன்றும் இல்லை. ரத்த ஞாயிறில் தடியை நம்பிய அதே அதிகாரி, இங்கே மக்கள் உயிரைத்தான் முதலில் யோசித்தார்.

சரி, ராஜினாமா எதற்கு?

துப்பறியும் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் மன்ரோ. வங்காளத்தில் போலீஸ் ஐ.ஜி.யாக இருந்தவர். அவர் வாரனைத் தாண்டி நேரடியாக உள்துறை அமைச்சகத்துடன் பேசிவந்தார். கமாண்டர் சொன்னால் கீழே இருப்பவர் கேட்கணும் என்று பழகிய வாரனால் இதை ஏற்க முடியவில்லை. 1888 ஆகஸ்டில் மன்ரோ அந்தப் பதவியை விட்டார். ஆனாலும் உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் அவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்தவில்லை.

நவம்பரில் போலீஸ் நிர்வாகம் பற்றி வாரன் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். முன் அனுமதி வாங்காதது விதிமீறல் என்று மேத்யூஸ் கண்டித்தார். அப்படியொரு விதி தனக்கும் பொருந்தும் என்றால் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் வாரன். அடுத்து கமிஷனர் ஆனவர் யார் தெரியுமா? அதே மன்ரோ!

அதற்குப் பிறகு?

வாரன் ராணுவத்துக்கே திரும்பி, சிங்கப்பூரில் படைத்தளபதியாக இருந்தார். 1900 ஜனவரியில், போயர் போரில் ஸ்பியான் காப் மலையைப் பிடிக்க நடந்த தாக்குதல் இவர் தலைமையில்தான். பாறை நிலத்தில் பதுங்குகுழி ஆழமாகத் தோண்ட முடியவில்லை. 240-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தனர். அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தியும் இருந்தார். போயர் போருக்குப் பின் வாரனுக்குப் போர்முனை வாய்ப்பு கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் சாரணர் இயக்கத்துக்காக உழைத்தவர், 1927-ல், 86 வயதில் காலமானார்.

2001-ல் வந்த 'ஃப்ரம் ஹெல்' படம், ரிப்பர் கொலைகளை மூடி மறைக்கும் சதியில் வாரனைச் சேர்த்தது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவர்மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு வேற. சினாயில் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்ததால்தான் கொலையாளிகள் சிக்கினார்கள். கிழக்கு லண்டனில் அப்படி வாய் திறக்க வேண்டிய மக்களைத்தான், ஒரு வருஷத்துக்கு முன்னாடி அவருடைய போலீஸ் தடியால் அடித்திருந்தது.